பீசா கோபுரத்தைக் கையால் தாங்கத்தான் இத்தாலிக்குப் போக வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் பயணப் பக்கத்தில் ஆறு நாளில் இத்தாலி பார்ப்பது எப்படி என்று ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். மிலானில் ஒரு நாள், வெனிஸில் ஒரு நாள், புளோரன்ஸில் ஒரு நாள், போகிற வழியில் பீசாவில் இறங்கிச் சாய்ந்த கோபுரத்தைக் கையால் தாங்குவது போல ஒரு படம், பிறகு ரோம், வத்திக்கான், விமான நிலையம். காலைத் தேத்தண்ணியோடு வாசிக்கத் தொடங்கினேன், முடிக்கும்போது தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. கோபம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இருந்த காசையெல்லாம் சேர்த்து, விசாவுக்கு அலைந்து திரிந்து அவ்வளவு தூரம் போகிற ஒரு மனிசனை ரயிலுக்கும் ஹோட்டலுக்கும் நடுவில் ஆறு நாள் ஓடவிட்டு, நாலு படத்தோடு திரும்பக் கட்டுநாயக்கவில் இறக்கிவிடுகிற திட்டம் அது. அங்கே மனிதர்கள் எப்படி இருக்கிறார்கள், எப்போது சாப்பிடுகிறார்கள், யாரைக் கும்பிடுகிறார்கள் என்று ஒரு வரி இல்லை.

நான் பெரிய பயணி இல்லை. ஓய்வுபெற்ற ரீச்சர், கொட்டாஞ்சேனை. என் தங்கச்சி 27 வருஷமாகச் சிசிலித் தீவில், பலெர்மோ நகரில் இருக்கிறாள். போன வருஷம் ஜூலை தொடங்கி ஆறு கிழமை அவள் வீட்டில் நின்றேன். என் அறிவெல்லாம் அவளும் என் பெறாமகளும் அவர்கள் வீட்டு மாடிப்படியில் சந்தித்த அயலட்டைச் சனமும் தந்தது.

முதலில் இரண்டு பிழையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாராவது அந்தக் கட்டுரையை வெட்டி வைத்திருப்பார்கள். இத்தாலியில் 'பெப்பரோனி பீட்சா' கேட்டுச் சாப்பிடுங்கள் என்று எழுதியிருந்தது. அங்கே பெப்பரோனி என்றால் குடைமிளகாய். இறைச்சித் துண்டு போட்டது என்று நினைத்துக் கேட்டவருக்குக் குடைமிளகாய் போட்ட பீட்சாதான் வரும், கடைக்காரரில் பிழை இல்லை. காரமான சலாமி வேண்டுமென்றால் 'தியாவொலா' என்று கேட்க வேண்டும். இரண்டாவது, பாஸ்தாவை மார்கோ போலோ சீனாவிலிருந்து கொண்டுவந்தார் என்ற பழைய கதை. மார்கோ போலோ எங்கள் தீவையும் பற்றி எழுதிய ஆள், அதனால் எனக்கும் அவரில் ஒரு வாஞ்சை உண்டு. ஆனால் அவர் வெனிஸுக்குத் திரும்பியது 1295இல். அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே, 1154இல், சிசிலி அரசன் இரண்டாம் ரொஜரின் அவையில் இருந்த அல் இத்ரீசி என்ற அரபு அறிஞர், பலெர்மோவுக்குப் பக்கத்தில் திராபியா என்ற ஊரில் மாவை நூல் போலச் செய்து கப்பல் கப்பலாக அனுப்புகிறார்கள் என்று எழுதி வைத்துவிட்டார். அந்தப் பாஸ்தாவில் தக்காளியும் இல்லை. தக்காளி அமெரிக்காவிலிருந்து பிறகு வந்து சேர்ந்தது, எங்கள் கறிக்குள் செத்தல் மிளகாய் வந்து சேர்ந்த மாதிரி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: போகிறவர்கள் ஒரு ஊரில் நிலைத்து நில்லுங்கள், முடிந்தால் தெற்கே போய் நில்லுங்கள். இத்தாலி 1861இல்தான் ஒரே நாடானது. அதற்கு முன் அந்தந்த ஊர் தனித்தனி ராச்சியம், இப்போதும் சாப்பாட்டிலும் சாமியிலும் அப்படித்தான். இத்தாலிச் சாப்பாடு என்று ஒன்றை அங்கே யாரிடமாவது கேட்டால், எந்த ஊர்ச் சாப்பாடு என்று திருப்பிக் கேட்பார்கள்.

ரோமிலிருந்து பலெர்மோவுக்கு விமானத்தில் ஒரு மணித்தியாலம் போதும். நான் பிடிவாதமாக ரயிலில் போனேன், பகல் முழுக்க எடுத்தது. பெருநிலத்தின் கடைசி முனையில் வில்லா சான் ஜொவான்னி என்ற இடத்தில் ரயில் நின்றது. பெட்டிகளைக் கழற்றி இரண்டு மூன்றாகப் பிரித்து, கப்பலின் வாயைத் திறந்து, தண்டவாளத்தோடேயே உள்ளே தள்ளினார்கள். வெளிச்சம் போய் ஜன்னலுக்கு வெளியே கப்பலின் இரும்புச் சுவர் தெரிந்தது. நாங்கள் இறங்கி இரும்புப் படியில் மேல்தட்டுக்குப் போனோம், அங்கே ஒரு சின்னக் கடையில் பொரித்த சோற்று உருண்டை விற்றார்கள், கடற்காற்றில் நின்று அதைச் சாப்பிட்டோம். எனக்கு அப்பாவின் ஞாபகம்தான் வந்தது. தலைமன்னாரில் ரயிலை விட்டு இறங்கிக் கப்பலேறி, தனுஷ்கோடியில் திரும்ப ரயிலேறிப் போன கதையை அவர் நூறு தரம் சொல்லியிருப்பார். அந்தத் தண்டவாளத்தை 1964 புயல் கொண்டுபோய்விட்டது. இங்கே ரயிலே கப்பலேறுகிறது அப்பா என்று சொல்ல ஆள் இல்லை.

பலெர்மோவில் எங்கள் சனம் ஆயிரக்கணக்கில் இருக்கிறது என்பது கொழும்பில் பலருக்குத் தெரியாது. இத்தாலி என்றால் வென்னப்புவ, நீர்கொழும்புச் சிங்களச் சனம்தான் போனது என்று நினைக்கிறோம். எண்பதுகளிலிருந்து போன தமிழர்கள், கூடுதலாகச் சைவக்காரர், பலெர்மோவில் நிலைகொண்டார்கள். பல்லாரோ என்ற பழைய சந்தைக்குள் நுழைந்தால், ஒரு பக்கம் சிசிலி வியாபாரி பாட்டுப் போல இழுத்துக் கூவுகிறான், மறுபக்கம் யாழ்ப்பாணத் தமிழில் வெண்டிக்காய் விலை பேசுகிறார்கள். புறக்கோட்டையில் நிற்கிற மாதிரி இருந்தது.

அந்த ஊரின் காவல் தெய்வம் சாந்தா ரொசாலியா. 12ஆம் நூற்றாண்டில் பிரபு வீட்டில் பிறந்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பெல்லெக்ரீனோ மலைக் குகையில் தவமிருந்த பெண் என்பது அவர்கள் நம்பிக்கை. 1624இல் கொள்ளைநோய் வந்து நகரம் செத்துக்கொண்டிருந்தபோது மலையில் அவருடைய எலும்புகளைக் கண்டெடுத்து, நகரத் தெருக்கள் வழியாக ஊர்வலம் கொண்டுபோனார்களாம், நோய் விட்டுப் போனதாம். நானூறு வருஷம் ஆகியும் அந்த நன்றியை அந்தச் சனம் மறக்கவில்லை.

மலைக்குப் பஸ் போகிறது. தங்கச்சி விடவில்லை. விடியக் காலமை எழுப்பி, கல் பதித்த பழைய பாதையால் நடத்திக் கூட்டிப் போனாள். வளைந்து வளைந்து ஏறுகிற பாதை, என் முழங்காலுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. மேலே போனால் வெளியில் ஒரு சாதாரண முகப்பு, பாறையில் ஒட்டி வைத்த மாதிரி. உள்ளே போனால் கட்டடம் முடிந்து குகை தொடங்குகிறது. பாறையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. அது சனத்தின் தலையில் விழாமல் இருக்கவும், தீர்த்தமாகச் சேர்க்கவும், கூரை முழுக்கத் தகரப் பீலி குறுக்கும் நெடுக்குமாகத் தொங்குகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் ரொசாலியா பொன் அங்கியோடு சரிந்து கிடக்கிறார். வெள்ளியில் செய்த கை, கால், இதயம் என்று நேர்த்திக்கு வைத்தவை, எங்கள் கோயிலில் அடியார் கொண்டுவந்து போடுகிற கண்மலர் மாதிரியே. எனக்குப் பக்கத்தில் ஒரு பெண் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு முணுமுணுத்தாள், காதைக் கொடுத்தேன், மகனுக்கு நல்ல இடத்தில் வேலை கிடைக்க வேண்டும் என்று நல்ல வடமராட்சித் தமிழில். என்னைக் கண்டு சிரித்துவிட்டு, "நாங்கள் ஒவ்வொரு ஞாயிறும் வாறனாங்கள்" என்றாள். என் தங்கச்சியும் 'சேர்ச்சுக்குப் போறன்' என்றோ 'கோயிலுக்குப் போறன்' என்றோ சொல்வதில்லை, 'மலைக்குப் போட்டு வாறன்' என்றுதான். செப்டெம்பர் 4ஆம் திகதித் திருநாளுக்கு ஊரே திரண்டு ஏறுமாம். அதற்கு முன் நான் திரும்பிவிட்டேன், அது எனக்கு ஒரு குறைதான்.

ஆனால் ஜூலைத் திருவிழாவைக் கண்டுவிட்டேன். 14ஆம் திகதி இரவு, வீட்டு உயரத் தேர் ஒன்று, உச்சியில் ரொசாலியா, பழைய பெருந்தெருவால் கடலை நோக்கி இறங்குகிறது. நாற்சந்தியில் தேரை நிறுத்துகிறார்கள். நகர மேயர் ஏறிப் போய்ப் பூ வைத்து, "விவா பலெர்மோ! விவா சாந்தா ரொசாலியா!" என்று கத்த, தெருவே திரும்பக் கத்துகிறது. கடற்கரைக்குப் போனதும் வாணவேடிக்கை. எனக்குச் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்குப் போகிற எங்கள் ஆடிவேல் தேர்தான் கண்ணுக்குள் நின்றது. கதிர்காமத்துக்குச் சனம் போகக் கூடாது என்று கொலராவைக் காட்டி வெள்ளைக்காரன் தடுத்த காலத்தில் தொடங்கிய விழா அது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அங்கே கொள்ளைநோய், இங்கே கொலரா. இதை என் பெறாமகளிடம் சொன்னேன், "ஓம் பெரியம்மா" என்றுவிட்டு அவள் நத்தை வாங்கப் போய்விட்டாள். உள்ளியும் பார்ஸ்லியும் போட்டு வதக்கிய சின்ன நத்தை, அன்றைக்கு எல்லோரும் ஓட்டை உறிஞ்சிக்கொண்டு நிற்பார்கள். நான் தொடவில்லை. எனக்குக் கிடைத்தது வத்தகப்பழச் சாற்றில் மாப் போட்டு இறுக்கிய ஒரு களி, மேலே கறுவாத்தூள், பிஸ்தா, ஒரு மல்லிகைப்பூ. முதல் கரண்டியிலேயே மல்லிகை வாசம். கறுவா மணக்கிற இனிப்பை இவ்வளவு தூரம் வந்து சாப்பிடுகிறேனே என்று சிரிப்பு வந்தது.

சைவக்காரருக்காக ஒரு விஷயம், உங்கள் கட்டுரை இதைத் தொடவே இல்லை. இத்தாலியில் மரக்கறிச் சாப்பாடு தாராளம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட முடியாது. ஒரு வெள்ளிக்கிழமை சந்தையில் ஸ்பிஞ்சோனே என்று தடித்த, பஞ்சு மாதிரியான பாண் ஒன்று, மேலே தக்காளியும் வெங்காயமும் பாண் தூளும் போட்டது, வாசம் ஆளை இழுத்தது. இறைச்சி இல்லைத்தானே என்று பெறாமகளைக் கொண்டு கேட்பித்தேன். கடைக்காரர் நெஞ்சில் கை வைத்து இல்லை என்றார். பாதி சாப்பிட்ட பிறகுதான் வெங்காயத்துக்குள் கரைந்துகிடந்த நெத்தலி நாக்கில் பட்டது. அவர் பொய் சொல்லவில்லை, மீன் அவருக்கு இறைச்சிக் கணக்கில் வராது. அதனால் இறைச்சி என்று மட்டும் கேட்காமல் மீன், பன்றி என்று தனித்தனியாகக் கேளுங்கள். கன்னோலி என்ற இனிப்புக் குழலின் ஓட்டைப் பழைய முறையில் பன்றிக் கொழுப்புப் போட்டுத்தான் செய்வார்கள். பார்மிஜானோ சீஸில் கன்றுக்குட்டியின் இரைப்பையில் எடுக்கிற உறை சேர்கிறது, அது சட்டப்படி அப்படித்தான். நம்பிச் சாப்பிடப் பனெல்லே இருக்கிறது, கடலை மாவைக் காய்ச்சி ஆறவிட்டுத் துண்டு போட்டுப் பொரித்து, எள்ளுப் பாணுக்குள் வைத்துத் தருவது, எங்கள் கடலைமாப் பஜ்ஜிக்கு ஒன்றுவிட்ட சகோதரி. மீன் பொரித்த எண்ணெயா என்று மட்டும் எட்டிப் பாருங்கள். பிறகு கப்பொனாத்தா. கத்தரிக்காயைப் பொரித்து வினாகிரியும் சீனியும் போட்டுப் புளிப்பும் இனிப்புமாகப் பிரட்டுவது. கொழும்பில் கத்தரிக்காய் மோஜு சாப்பிட்ட யாருக்கும் அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. தங்கச்சி அதைச் சோற்றோடுதான் வைத்தாள், மாடிவீட்டுக் கிழவி பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

கோப்பி பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். 'பார்' என்று பலகை போட்டிருந்தால் அது சாராயக் கடை இல்லை, கோப்பிக் கடை. மேசைக்கு முன்னால் நின்று இரண்டு வாயில் குடித்துவிட்டுப் போவது வழக்கம், உட்கார்ந்தால் பல இடத்தில் விலை கூடும். கப்புச்சீனோ காலையில்தான். 'லாத்தே' என்று மட்டும் கேட்டால் வெறும் பால் வரும். பில்லில் 'கோப்பெர்த்தோ' என்று ஆளுக்கு ஒன்றிரண்டு யூரோ இருந்தால் சண்டைக்குப் போகாதீர்கள், அது பாணுக்கும் மேசைக்குமான காசு, அங்கே டிப்ஸ் கட்டாயமும் இல்லை. பகல் மூன்று மணிக்குப் பசித்தால் பல சாப்பாட்டுக் கடைகளில் அடுப்பு அணைந்திருக்கும், இரவு ஏழரை எட்டுக்குத்தான் திரும்ப மூட்டுவார்கள். ஆறு நாள் ஓடுகிற ஆட்கள் இந்த இடைவெளியில்தான் அகப்பட்டு, சுற்றுலாக்காரருக்கென்றே திறந்து வைத்திருக்கிற கடையில் காய்ந்த பீட்சாவைச் சாப்பிட்டுவிட்டு வந்து இத்தாலிச் சாப்பாடு அவ்வளவு இல்லை என்கிறார்கள். ஓகஸ்ட் 15ஐ ஒட்டிப் போனால் இன்னும் மோசம். அகஸ்தஸ் சக்கரவர்த்தி காலத்திலிருந்து வருகிற விடுமுறை, மாதா விண்ணேற்புத் திருநாளும் அதே நாள், சின்னக் கடைகள் பாதி பூட்டிக் கிடக்கும். பஸ் டிக்கட்டைப் பல ஊர்களில் புகையிலைக் கடையில் வாங்கி, ஏறினதும் மெஷினில் குத்த வேண்டும். நான் ஒரு ஊரில் குத்த மறந்து தண்டம் கட்டினேன், எவ்வளவு என்று இன்றைக்கும் வீட்டில் சொல்லவில்லை.

உடுப்பு விஷயத்தில் அந்தச் சனத்திடம் எனக்குப் பெரிய மரியாதை. விலை கூடிய உடுப்பு என்று நினைக்க வேண்டாம். 'பெல்லா பிகூரா' என்று அவர்கள் சொல்வது, நாலு பேர் முன்னால் ஒழுங்காகத் தோன்றுவது. மேல்மாடிக் கிழவி பாண் வாங்க இறங்கினாலும் தலை சீவி, தோடு போட்டு, மினுக்கிய சப்பாத்தோடுதான் இறங்குவார். பின்னேரம் வெயில் தாழ்ந்ததும் குடும்பம் குடும்பமாகத் தெருவில் மேலும் கீழும் சும்மா நடப்பார்கள், காலிமுகத்திடலில் நாங்கள் நடப்பது போல, இறால் வடைக்குப் பதில் கையில் ஐஸ்கிறீம். கோயில்களுக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், அது எங்களுக்குப் புதிதா என்ன. நான் பருத்திச் சேலை உடுத்திப் போன நாட்களில் சந்தையில் வழி விட்டார்கள்.

பேச்சிலும் பாருங்கள், எங்களுக்கு நீ, நீர், நீங்கள் என்று மூன்று இருப்பது போல அவர்களுக்கும் தெற்கே தூ, வோய், லெய் என்று மூன்று ஓடுகிறது. தங்கச்சி மாடிவீட்டுக் கிழவியை வோய் என்பாள், டொக்டரை லெய் என்பாள். கடைக்குள் நுழைந்தால் முதலில் வணக்கம் சொல்ல வேண்டும், சொல்லாமல் சாமானைத் தொட்டால் முகம் மாறிவிடும். ஒரு நாள் அந்தக் கிழவி எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். வெறுங்கையோடு போகக் கூடாது என்று பூக்கடையில் நல்ல மஞ்சள் செவ்வந்தி பார்த்துக் கையை நீட்டினேன், தங்கச்சி என் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். செவ்வந்தி அங்கே கல்லறைக்குத்தான் கொண்டுபோவார்களாம். சாமிக்குச் சாத்துகிற பூவைக் கையில் எடுத்த நான், கிழவிக்கு மலர்வளையம் கொண்டுபோகப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. உங்கள் கட்டுரையின் திட்டப்படி மிலானிலிருந்து வெனிஸுக்குப் போகிற ரயில் பாதுவா என்ற ஊரைத் தாண்டித்தான் போகிறது, வெனிஸுக்கு அரை மணித்தியாலம் முன்னால். அந்தப் பெயரைக் கட்டுரையில் காணவில்லை. கொழும்புப் பத்திரிகை ஒன்று அதை விடலாமா? கொச்சிக்கடை அந்தோனியாருடைய ஊர் அது. பிறந்தது லிஸ்பனில், 1231இல் மரித்துப் புதைந்தது பாதுவாவில். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக்குத் தவறாமல் போகிற சைவக்காரி நான், திரும்பும் வழியில் இரண்டு நாள் அங்கே நின்றேன். அந்த ஊரில் அவருக்குப் பெயர்கூட வேண்டியதில்லை, 'இல் சாந்தோ', புனிதர், அவ்வளவுதான். கல்லறையின் பின்பக்கக் கல்லில் சனம் வரிசையாக வந்து உள்ளங்கையை வைத்து நிற்கிறது. நான் வைத்தபோது கல் குளிராக இருந்தது, எனக்கு முன்னால் நின்றவரின் கை வைத்த இடத்தில் மட்டும் கொஞ்சம் சூடு. என் கைப்பையில் கொட்டாஞ்சேனையில் ஏழு வீட்டார் எழுதித் தந்த கடதாசிகள் இருந்தன. அவற்றை வாசிக்காமல் அப்படியே போட்டுவிட்டு வந்தேன். அதே ஊரில் 1305 அளவில் ஜொத்தோ என்ற ஓவியர் சுவர் முழுக்க ஓவியம் தீட்டிய சிற்றாலயம் ஒன்று இருக்கிறது, முன்பதிவு இல்லாமல் விட மாட்டார்கள், உள்ளே நிற்கக் கால் மணித்தியாலம்தான். அந்த ஓவியங்களின் நீலத்தைப் பார்க்க அது காணாது.

பீசாவுக்கு நான் போகவில்லை. கோபுரம் விழுந்துவிட்டதாகச் செய்தியும் வரவில்லை.

இப்படிக்கு,
உங்கள் நீண்டகால வாசகி,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13

பி.கு.: கப்பலில் சாப்பிட்ட சோற்று உருண்டைக்குப் பெயர் எழுதாமல் விட்டது வேண்டுமென்றுதான். பலெர்மோவில் அது அரஞ்சீனா, பெண்பால், உருண்டை. தீவின் மற்றப் பக்கத்தில் கத்தானியாவில் அரஞ்சீனோ, ஆண்பால், கூம்பு. கூழுக்குள் என்ன போடுவது என்று எங்கள் ஊர்கள் சண்டை பிடிப்பது இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. பயணப் பக்கத்தில் எப்போதாவது அதன் படத்தைப் போட்டால் தயவுசெய்து அரஞ்சீனா என்றே அச்சடியுங்கள், தங்கச்சிக்கு நான் பத்திரிகையை வெட்டி அனுப்புகிறவள்.